கீழ்க்கண்டத்துக்குத் தண்ணீர் காணாது

உங்கள் கணவருக்கு என்ன உத்தியோகம் என்று கேட்பவர்களுக்கு நான் சொன்ன பதில் காலத்துக்குக் காலம் மாறியது. மணமான புதிதில் "நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை" என்று மட்டும் சொல்வேன். பிறகு "குளத்துத் தண்ணீரை அளக்கிறவர்" என்றேன். எழுபதுகள் பிறந்து இரண்டு மூன்று வருடங்களுக்குள் கிண்ணியாவில் யாரும் என்னிடம் அதைக் கேட்பதில்லை. 'மழைக்காரர்ர பெண்சாதி' என்று அவர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் அதில் ஒரு செல்லம் இருந்தது. பிறகு இல்லை.

நாங்கள் திருகோணமலைப் பட்டணத்தில், துறைமுகத்து மதிலை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தோம். நான் கிண்ணியாவில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்தேன். காலையில் பஸ் ஏறி, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையும் காவல் கொட்டில்களையும் கடந்து துறையடியில் இறங்க வேண்டும். அங்கிருந்து, மனிதர்களையும் மாடுகளையும் லொறிகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் தட்டையான மிதவை. அதைப் 'பாதை' என்போம். பாதையில் ஏறினால் எனக்கு வேறு உலகம். அவர் எதிர்த்திசையில், காட்டுப் பக்கமாக, கந்தோர் ஜீப்பில் குளத்துக்குப் போவார்.

அந்தக் குளம்தான் எங்கள் இருவரின் உலகங்களையும் கட்டிப்போட்டது. குளத்திலிருந்து இறங்கும் வாய்க்கால் முதலில் மேல்கண்டத்து வயல்களுக்குப் பாயும். மிஞ்சியது கீழ்க்கண்டத்துக்கு. கீழ்க்கண்டம் என்பது கடலுக்குக் கிட்ட, கிண்ணியா ஆட்களின் வயல்கள். நான் படிப்பித்த பிள்ளைகளில் பாதிப் பேரின் வாப்பாமார் அங்கேதான் விதைத்தார்கள்.

மார்கழி, தை மாதங்களில் பெரும்போக மழை பெய்து குளம் நிரம்ப வேண்டும். மாசி கழிந்ததும் என் கணவர் கணக்குப் போடுவார். குளத்தில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு, நெல் குடிக்கப்போவது எவ்வளவு, ஆனியிலும் ஆடியிலும் அடிக்கும் கச்சான் காற்று உறிஞ்சப்போவது எவ்வளவு, இடையில் பெய்யக்கூடிய மழை எவ்வளவு. முதல் மூன்றும் அளக்கக்கூடியவை. நான்காவதுதான் அவரைத் தின்றது. அதற்காகப் பழைய வருடங்களின் மழையளவுகளையெல்லாம் கந்தோரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட தாள்களை விரித்து, பென்சிலால் கோடு கீறிக்கொண்டிருப்பார். நான் சாப்பாட்டுக் கோப்பைகளைத் தரையில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவேன்.

அந்தக் கணக்கின் முடிவை அவர் விதைப்புக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். பங்குனியில் வயல் செய்கிற கமக்காரர்களும் உத்தியோகத்தர்களும் கூடுகிற கூட்டம் அது. கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு எந்தக் கண்டம் விதைப்பது, எது சும்மா கிடப்பது என்று அங்கேதான் தீர்மானமாகும்.

நான் சொல்ல வந்த வருடத்தில் பெரும்போக மழை ஏய்த்துவிட்டது. தை பிறந்தும் குளத்தின் அரைவாசி மண்ணாகக் கிடந்தது. பட்டணத்தில் பேக்கரி வாசலில் பாணுக்கு விடியமுன்னம் வரிசை. அரிசி கண்ணால் காண முடியாத காலம். எங்கள் வீட்டில் கிழமையில் பாதி நாள் மரவள்ளிக்கிழங்கு. அப்படியான வருடத்தில்தான் அவர் கூட்டத்தில் எழுந்து நின்று, கீழ்க்கண்டத்துக்குத் தண்ணீர் காணாது, இருப்பது போதாது, மேல்கண்டத்தை மட்டும் விதைக்கலாம் என்று சொன்னார்.

மறுநாள் பாடசாலையில் ராத்தா என்னிடம் வந்தார். ராத்தா எங்கள் பாடசாலையைக் கூட்டித் துடைத்து, பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கும் பெண். என்னை விடச் சில வயது மூத்தவர். ஆசிரியைகள் எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய கணவருக்குக் கீழ்க்கண்டத்தில் வயல். அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ரீச்சர், ஒங்கட ஐயா செல்றது சரிதானா?" என்று கேட்டார். கோபம் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து கேட்பதுபோலக் கேட்டார்.

"கணக்குப் பாத்துத்தான் சொல்லுவார் ராத்தா."

"அப்ப சரி. இவரும் அப்பிடித்தான் செல்றார். வெதச்சிப்போட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இரிக்கிறத விட வேற வேல தேடலாமெண்டு."

கீழ்க்கண்டத்து ஆட்கள் அந்த வருடம் சொற்கேட்டார்கள். சிலர் குச்சவெளிப் பக்கம் மீன் காய வைக்கிற வேலைக்குப் போனார்கள். சிலர் விறகு வெட்டினார்கள். ராத்தாவின் கணவர் பட்டணத்துக்கு வந்தார். தண்ணீர்ப் பஞ்சம் வரப்போகிறது என்ற கதை பட்டணத்திலும் பரவியிருந்ததால், வசதியுள்ளவர்கள் எல்லோரும் கிணற்றை ஆழமாக்கத் தொடங்கியிருந்தார்கள். கிணறு தோண்டுகிற ஒரு கூட்டத்தோடு அவர் சேர்ந்துகொண்டார். தண்ணீர் இல்லை என்று என் கணவர் சொன்ன அதே சொல், ஒரு பக்கம் அவருடைய வயலைச் சும்மா போட வைத்து, மறுபக்கம் அவருக்கு ஒரு வேலையையும் கொடுத்தது.

எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு மூன்று கிணறுகளில் அவர் வேலை செய்தார். எங்கள் கிணற்றிலும் இறங்கினார். மெலிந்த, உயரமான மனிதர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். உள்ளேயிருந்து அவருடைய குரல் பெரிதாகக் கேட்கும். மேலே வந்தால் அடங்கிய பேச்சு. மத்தியானம் குசினி வாசலில் அவருக்கும் மற்றவர்களுக்கும் தேத்தண்ணி கொடுப்பேன். ஒரு சனிக்கிழமை என் கணவரும் வீட்டில் நின்றார். தானும் தன் தேத்தண்ணியோடு போய் அவர்களுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"மழ வராதெண்டு எப்பிடி ஐயா கண்டுபுடிக்கிறீங்க?" என்று ராத்தாவின் கணவர் கேட்டார்.

"வராதெண்டு நான் சொல்லேல்லை. இந்த மாதங்களில வாறது குறைவு. வந்தாலும் வயலுக்குக் காணுற அளவு வாறது இன்னும் குறைவு. அதுதான் நான் சொன்னது."

"அப்ப வரவும் கூடும்?"

"வரவும் கூடும்."

ராத்தாவின் கணவர் சிரித்தார். "கூட்டத்தில நீங்க செல்லக்குள்ள எங்களுக்கு அப்பிடி வெளங்கல்ல."

"ஏன், விளங்கியிருந்தா விதைச்சிருப்பீங்களோ?"

அவர் யோசித்தார். "இல்ல ஐயா. விதநெல்லு வேற கையில இல்ல. வெளங்கியிருந்தாலும் வெதச்சிருக்க மாட்டன்."

அந்தப் பதில் என் கணவருக்கு ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். அன்று பின்னேரம் முழுவதும் அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

சித்திரை முழுக்க வெயில். கிண்ணியாவில் ஆண்கள் வெளியில் கூடி மழைத் தொழுகை நடத்தினார்கள். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எங்கள் கோயிலிலும் ஞாயிறுதோறும் மழைக்காகச் செபம் வைத்தார்கள். நான் கண்ணை மூடி மனதாரக் கேட்டேன். பக்கத்தில் நின்ற என் கணவர் கண்ணைத் திறந்தபடியே நின்றார். மழை வந்தால் அவர் சொன்னது பிழையாகிவிடும். வராவிட்டால் ஊர் காயும். எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வைகாசியில் மழை பெய்தது.

அப்படி ஒரு வைகாசி மழையை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் காணவில்லை. ஒரு பின்னேரம் கடல் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது, மார்கழி மழைபோல விடாமல் கொட்டத் தொடங்கிவிட்டது. முதலில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அண்டா, வாளி, குடம் என்று இருந்ததையெல்லாம் முற்றத்தில் வைத்தோம். பிள்ளைகள் நனைந்து குதித்தார்கள். ஒழுங்கையில் யாரோ கை தட்டிப் பாடினார்கள். என் கணவர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்து மூலையில் தான் நட்டு வைத்திருந்த மழைமானியின் பக்கத்தில் நின்றார். அதை எடுத்து ஊற்றி அளந்து திரும்ப வைத்தார். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, காய்ச்சல் வரப்போகுது."

"குளத்துப் பக்கமும் இப்பிடிப் பெய்யுதெண்டா, கீழ்க்கண்டம் முழுக்க விதைச்சிருக்கலாம்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

குளத்துப் பக்கமும் அப்படித்தான் பெய்தது.

மழை இரண்டு மூன்று நாட்கள் விடவில்லை. பாதை ஓடவில்லை, நான் பாடசாலைக்குப் போகவில்லை. வானம் வெளித்த அன்று போனேன். பால் காய்ச்சும் கொட்டில் பூட்டிக் கிடந்தது. வாசலிலேயே தலைமை ஆசிரியை என்னை மறித்தார்.

"ராத்தாட மாப்பிள மௌத்தாப் போயிட்டார். கெணறு இடிஞ்சி விழுந்திட்டு."

பட்டணத்துக்கு வடக்கே, கடற்கரை வீதியோரம், புதிதாக வீடு கட்டுகிற ஒருவரின் காணியில் அவர்கள் கிணறு தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெறும் மணல் பூமி. மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், உள்ளே கிடக்கும் சாமான்கள் சேற்றில் புதைந்துவிடும் என்று மேலே நின்றவர்கள் சொல்ல, ராத்தாவின் கணவர் இறங்கியிருக்கிறார். நனைந்த பக்கம் ஒன்று முழுதாகச் சரிந்தது. எடுத்தபோது உயிர் இல்லை. மழைக்குள்ளேயே தோணியில் கொண்டுவந்து, மழைக்குள்ளேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நான் போகவேணும்," என்றார்.

"அங்க உங்களைக் காண ஆட்கள் விரும்புவினமோ தெரியாது."

"விரும்பாட்டியும் போகவேணும்."

மறுநாள் இருவரும் பாதையில் போனோம். பாதையில் வந்தவர்கள் அவரை யாரென்று கண்டுகொண்டார்கள். ஒதுங்கி நின்றார்கள். ராத்தாவின் வீட்டு வேலிக்கு வெளியே ஆண்கள் பாய் விரித்து இருந்தார்கள். நடுவில் ராத்தாவின் தம்பி. அவனுக்கும் கீழ்க்கண்டத்தில்தான் வயல். ஒருவர் உள்ளேயிருந்து கதிரை எடுத்துவரப் போனார். என் கணவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு, பாயின் ஓரத்தில், ஈர மண்ணில் பாதியும் பாயில் பாதியுமாக இருந்தார்.

நான் உள்ளே போனேன். கணவன் இறந்த பெண்கள் நான்கு மாதங்களுக்கு மேல் வெளி ஆண்களின் முகம் பாராமல் வீட்டுக்குள் இருப்பது அவர்களின் வழக்கம். ராத்தா வெள்ளைச் சீலையோடு சுவரோரம் இருந்தார். பக்கத்தில் அவருடைய மூன்று பிள்ளைகள். மூத்த பெண் என் வகுப்பில் படிக்கிறவள். நான் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே பேசுவது ஓலை வேலிக்கூடாகத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப போய்ப் பாருங்க ஐயா, எங்கட வயலெல்லாம் தண்ணி," என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். "மேல்கண்டத்துக்காரனுகள் வயல் அழுகிப்போகுமெண்டு வரம்ப வெட்டித் தண்ணிய உடுறானுகள். அது எங்கட வயலுக்குள்ளால ஓடிக் கடலுக்குப் போகுது. வெதச்சிருந்தா இப்ப பயிர் முழங்கால் உயரம். மச்சானும் இரிந்திருப்பார்."

யாரோ ஒரு முதியவர், "அல்லாட நாட்டம், அவர என்ன செய்யச் சொல்ற?" என்றார்.

"அல்லாட நாட்டமெண்டா கூட்டம் எதுக்கு? கணக்கு எதுக்கு?"

பிறகு என் கணவரின் குரல் கேட்டது. "என்ர கணக்குப் பிழைச்சுப் போச்சுது. எனக்குச் சொல்ல வேறொண்டுமில்லை."

அவருடைய கணக்குப் பிழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வருவது குறைவு என்றுதான் அவர் சொன்னார். எப்போதாவது வருவது அந்த வருடம் வந்தது. ஆனால் அந்தப் பாயில் இருந்துகொண்டு அதை விளக்க அவருக்கு வாய் வரவில்லை. ராத்தா கையை என் கையிலிருந்து எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விதைப்புக் காலம் கடந்துவிட்டதால் சிறுபோகம் அப்படியே கழிந்தது. ஆவணி வெயிலில் கீழ்க்கண்டம் புல் முளைத்துக் கிடந்தது. மாடுகளுக்கு மட்டும் கொண்டாட்டம். ராத்தா வேலைக்குத் திரும்பும்வரை நாங்கள் ஆசிரியைகளே முறை வைத்துப் பாடசாலையைக் கூட்டினோம். அவர் திரும்பி வந்த அன்று ஒன்றும் நடக்காததுபோலப் பால் காய்ச்சினார். மெலிந்து, சீலை உடம்பில் நிற்காமல் இருந்தார்.

அடுத்த பெரும்போகம் அரைகுறையாக விளைந்தது. ராத்தாவின் வயலைத் தம்பிதான் விதைத்து வெட்டிக் கொடுத்தான். ஆனால் குளம் மீண்டும் நிரம்பவில்லை. மாசி முடிந்ததும் எங்கள் சாப்பாட்டு மேசையில் மீண்டும் அந்தத் தாள்கள். அவர் கீறுவார், அழிப்பார், மீண்டும் கீறுவார். நான் ஒருநாள் கேட்டேன்.

"இந்த முறை என்ன சொல்லப்போறீங்கள்?"

"போன வருசம் சொன்னதைத்தான். போன வருசத்தை விடவும் தண்ணி குறைவு."

"வேற யாரையாவது சொல்லச் சொன்னா என்ன?"

"ஆர் சொன்னாலும் குளத்தில நிக்கிறது அதுதானே. நீர் பிள்ளையளைப் பாரும்."

அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. போன ஒரு கமக்காரரின் மகள் எங்கள் பாடசாலையில் ஆசிரியை, அவள்தான் நடந்ததைச் சொன்னாள். என் கணவர் எழுந்ததுமே ஆட்கள் சத்தம் போட்டார்களாம். "போன வரியமும் இதத்தானே செல்லினீங்க, ஒரு மனுசன மௌத்தாக்கினீங்க," என்று ஒருவர் கத்தினாராம். நாட்டில் ஒரு துண்டு நிலமும் சும்மா கிடக்கக்கூடாது, எல்லோரும் விதைக்க வேண்டும் என்று மேடையில் இருந்த ஒரு பெரியவர் பேசியதும் எல்லோரும் கை தட்டினார்களாம். கடைசியாக அந்தப் பெரியவர் இவரைப் பார்த்து, "இந்த முறையும் மழை வராது எண்டு எழுதிக் கையெழுத்து வைப்பீரா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "வராது எண்டு ஆராலும் எழுத ஏலாது. குளத்தில காணாது எண்டு எழுதித் தாறன்," என்றாராம். கூட்டம் சிரித்தது. இரண்டு கண்டமும் விதைப்பதென்று தீர்மானமாயிற்று.

அடுத்த கிழமை, பிள்ளைகள் போனபின், ராத்தா வகுப்பைக் கூட்டிக்கொண்டே என் மேசைக்குக் கிட்ட வந்தார்.

"தம்பி என்ட வயலயும் வெதைக்கப் போறானாம். விதநெல்லு கேக்கிறான். போன போகத்து நெல்லில ரெண்டு சாக்கு வெச்சிரிக்கன். குடுக்கவா ரீச்சர்?"

"என்னையோ கேக்கிறீங்கள்?"

"ஒங்கள இல்ல. ஒங்கட ஐயாவக் கேட்டுச் செல்லுங்க. கூட்டத்தில செல்றது வேணா. வீட்டில என்ன செல்றார்?"

அன்று பின்னேரம் அவரிடம் சொன்னேன்.

"நான் சொல்ல மாட்டன். அவவுக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"அவ கேட்டு விட்டிருக்கிறா. நான் நாளைக்கு என்ன சொல்லுறது?"

மேசையில் கிடந்த தாள்களை ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "காணாது எண்டுதான் என்ர கணக்கு. ஆனா என்ர கணக்கை மீறி மழை வந்ததை அவ கண்டவ. ரெண்டையும் சொல்லும். முடிவை அவவே எடுக்கட்டும்."

சொல்லுக்குச் சொல் அப்படியே ராத்தாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனார். விதைக்கவில்லை. கீழ்க்கண்டம் முழுவதும் விதைத்துப் பச்சை பிடித்திருக்க, நடுவில் அவருடைய வயல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. தம்பி வந்து வாசலில் நின்று கத்தியிருக்கிறான். "உன்ட மாப்பிளயக் கொன்டவன்ட பேச்சக் கேட்டு வயலப் போடுறியா?" என்று கேட்டிருக்கிறான். ராத்தா நெல்லுச் சாக்கின் மேல் ஏறி இருந்துவிட்டாராம். அதை அவரே என்னிடம் சொன்னபோது, "ஏன் ராத்தா அவரை நம்பினீங்கள்?" என்று கேட்டேன்.

"அவர் எங்கட வாசல்ல வந்து மண்ணில இரிந்தார். பிழைச்சிப் போச்சு எண்டு செல்லினார். அண்டைக்குக் கை தட்டினவனுகள் ஒருத்தனும் நாளைக்கு வந்து அப்பிடிச் செல்ல மாட்டான் புள்ள."

வைகாசி காய்ந்தது. ஆனி காய்ந்தது. கச்சான் காற்று அந்த வருடம் முன்னுக்கே தொடங்கிவிட்டது. பாதையில் போகும்போது முகத்தில் அனல் அடிக்கும். கதிர் உள்ளே திரளுகிற குடலைப் பருவத்தில்தான் நெல்லுக்குத் தண்ணீர் மிக வேண்டும். சரியாக அந்த நேரத்தில் கீழ்க்கண்டத்து வாய்க்கால் நின்றது. என் வகுப்புப் பிள்ளைகள் காலையில் வாய்க்கால் குழிகளிலிருந்து வாளியால் அள்ளி வயலுக்கு ஊற்றிவிட்டு, சேற்றுக் காலோடு பாடசாலைக்கு வந்தார்கள். சிலர் வரவேயில்லை.

ஒரு காலை, கீழ்க்கண்டத்து ஆண்கள் ட்ரக்டர் பெட்டியில் ஏறிக் குளத்துக்குப் போனார்கள். மேல்கண்டத்துக்காக மதகைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கதை பரவியிருந்தது. என் கணவர் அங்கே நின்றார். என்ன நடந்ததென்று அவர் வாயால் ஒருமுறைதான் சொன்னார். மதகை நெம்பித் திறக்க அலவாங்குகளோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ராத்தாவின் தம்பி அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து, "தொற! மதகத் தொற!" என்று உலுப்பினான். பொத்தான்கள் அறுந்து விழுந்தன.

"திறந்துதான் கிடக்கு தம்பி," என்றார் இவர். "வந்து பாருங்கோ."

அவர்கள் அணைக்கட்டில் ஏறிப் பார்த்தார்கள். மதகு முழுக்கத் திறந்திருந்தது. அதன் வாய் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தது. எட்டத்தில், குளத்தின் நடுவில், கொக்குகள் நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் கிடந்தது. மேல்கண்டத்து வாய்க்காலும் காய்ந்துதான் கிடந்தது. தம்பி கையை எடுத்தான். எல்லோரும் அணைக்கட்டில் வரிசையாகக் குந்தியிருந்துவிட்டு, பின்னேரம்போல இறங்கிப் போனார்கள்.

பயிர் நின்ற நிலையிலேயே வெளுத்தது. கதிர் வந்த இடங்களில் உள்ளே பால் இல்லை, பதர். மாட்டை விட்டு மேய்த்தார்கள். விதைநெல்லையும் உழைப்பையும் மண்ணில் போட்டுவிட்டு, கடைகளிலும் அரிசி இல்லாமல், கிண்ணியாவில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. பாடசாலையில் கொடுக்கிற அந்த ஒரு குவளைப் பாலைப் பிள்ளைகள் பாதி குடித்து, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகப் போத்தல் கொண்டுவந்தார்கள். ராத்தா பார்த்தும் பாராததுபோல ஊற்றிக் கொடுப்பார்.

அவருடைய இரண்டு சாக்கு நெல்தான் அந்தக் குடும்பத்தின் உயிர். தம்பி முதலில் வரவில்லை. தன் மனைவியைத்தான் அனுப்பினான். பிறகு தானே வந்தான். ராத்தா ஒன்றும் கேட்காமல் நெல்லைக் குத்தி அரிசியாகக் கொடுத்தார். "அவன் தலையக் குனிஞ்சிக்கிட்டு வந்தான், நிமிராமலே போனான்," என்றார் என்னிடம். பக்கத்து வீடுகளும் வந்தன. புரட்டாதிக்குள் சாக்குகள் வெறுமையாகிவிட்டன.

ஐப்பசியில் மழை தொடங்கியது. மார்கழியில் குளம் வழிந்தது. எத்தனையோ வருடங்களாகக் காணாத பெருமழை. விதைக்க வேண்டிய நேரத்தில் கீழ்க்கண்டத்தில் யார் கையிலும் விதைநெல் இல்லை, உண்டுவிட்டார்கள். சொற்கேளாமல் விதைத்தவர்களும் சரி, சொற்கேட்டு விதைக்காமல் விட்ட ராத்தாவும் சரி, கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள். மேல்கண்டத்து வசதியான ஒருவர், அங்கொன்றும் இங்கொன்றுமாக வயல்களைக் குறைந்த விலைக்குத் தன் கைக்கு எடுத்தார். ராத்தாவின் வயலும் போனது. அந்தத் தையில் அது நன்றாக விளைந்தது. தம்பி குடும்பத்தோடு குச்சவெளிப் பக்கம் போய் மீன் காய வைக்கும் வாடியில் சேர்ந்துவிட்டான்.

'நான் சொன்னதுதானே நடந்தது' என்று என் கணவர் ஒருபோதும் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்ததும், தன்னைக் குளத்து வேலையிலிருந்து எடுத்துவிடும்படி மேலிடத்தில் கேட்டார். கேட்டவுடன் எடுத்துவிட்டார்கள். அவருடைய இடத்துக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார், பிறகு இன்னொருவர். ஒருவரும் நிலைக்கவில்லை. இவரைக் கட்டடப் பகுதிக்கு மாற்றினார்கள். மழைமானியைக் கழற்றிக் கந்தோரில் ஒப்படைத்தார். வீட்டில் வானத்தைப் பற்றிய கதையை எடுத்தால் எழுந்து போய்விடுவார். பிள்ளைகள் வளர்ந்தார்கள். எங்களுக்குள் பேச்சுக் குறைந்தது. நான் அதைச் சண்டை என்று சொல்ல மாட்டேன். அவர் அந்தப் பாயின் ஓரத்திலிருந்து முழுதாக எழும்பி வரவில்லை என்று மட்டும் சொல்வேன்.

சில வருடங்களுக்குப் பின், எங்கள் பாடசாலைச் சுவர் ஒன்று பிளந்துவிட்டதென்று பார்க்க அவரையே அனுப்பினார்கள். ராத்தாவும் அவரும் அதற்கு முன் ஒருநாளும் நேருக்கு நேர் கண்டதில்லை. ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கதிரையைக் கொண்டுவந்து நிழலில் வைத்தார். என் கணவர் அதில் உட்காரவில்லை.

"இந்த வரியம் எப்பிடி ஐயா, மழ?" என்று ராத்தா கேட்டார்.

"நான் இப்ப அந்த வேலையில இல்லை."

"தெரியும். ரீச்சர் செல்லினவ. எண்டாலும் கேட்டன்."

அவர் ராத்தாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது," என்றார்.

ராத்தா சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பால் அடுப்பில் இருக்கிறது என்று போய்விட்டார். என் கணவர் நாடாவை எடுத்துச் சுவரின் பிளவை அளக்கத் தொடங்கினார். ஒரு கை போதவில்லை. மற்ற நுனியைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.